காற்றில் காய்ந்த புல்

குற்றாலத்துச் சாரல் காற்றை நம்பிப் புல்லைப் போராகக் குவித்துப் படப்புப் போடக் கூடாது. இந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். செங்கோட்டைக்கும் குற்றாலத்துக்கும் நடுவே மலையடிவாரத்தில் நான் வேலை பார்த்த மாட்டுப் பண்ணையில் இப்போது தீவனம் பிளாஸ்டிக் சுற்றிய உருண்டைகளாக லாரியில் வந்து இறங்குகிறது. சரிவில் வளரும் புல் அறுக்க ஆளில்லாமல் முற்றிச் சாய்கிறது. போன கோடையில் லாரி வருவது தடைப்பட்டபோது, பண்ணையில் பொறுப்பில் இருப்பவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். "சாரல் ஊர்ல எப்படி அண்ணாச்சி புல்லக் காயப்போட்டு வச்சிய?" என்று கேட்டார்கள். வாயால் சொன்னால் நான் பயந்த கதையை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பேன் என்று என் வீட்டுக்காரிக்குத் தெரியும். "எழுதிக் குடுங்க, அப்பதான் ஒரு அளவுல நிக்கும்" என்றாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அந்த அளவுக்கு எழுதியிருக்கிறேன்.

சேர்ந்த புதிதில் எனக்கு வேலை மேய்ப்பதும் சாணி அள்ளுவதும். பிறகு அரிவாள் கொடுத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சரிவு முழுக்க ஒரே பச்சை. கிட்டப் போனால் அதில் கொழுக்கட்டைப் புல்லை மாடு தேடித் தின்னும். எலுமிச்சை வாசம் அடிக்கும் புல்லை மூக்கால் தள்ளிவிடும். ஊசிப்புல்லைப் பிஞ்சில் தின்னும், அதுவே முற்றி ஊசி விட்டபின் தின்றால் ஈறும் நாக்கும் குத்துப்பட்டு வாயில் நுரை தள்ளும். இதெல்லாம் பிடிபடச் சில வருடம் போயிற்று. தப்பாக அறுத்து வந்த புல்கட்டை மாடு ஒதுக்கும்போது மற்றவர்கள் சிரிப்பார்கள். அடுத்த தடவை அந்தப் புல் கையில் வராது.

சுபேதார் ஐயா மேனேஜராக வந்த பிறகுதான் புல் அறுப்பு ஒரு முறைக்கு வந்தது. சுரண்டைப் பக்கத்துக்காரர். வடக்கே ராணுவத்தின் மாட்டுப் பண்ணைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். எதைப் போய்ச் சொன்னாலும் மூன்று கேள்வி கேட்பார். "பாத்தியா? தொட்டியா? மோந்தியா?" மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் தலையைத் திருப்புவார். இல்லாவிட்டால், "போய்ட்டு வாலே" என்பார். அவ்வளவுதான்.

எப்போது அறுப்பது என்பதை அவர் காலண்டரில் பார்க்க மாட்டார். ஆவணி பிறந்ததும் சரிவில் ஏறி, அங்கங்கே தண்டைப் பிடுங்கி, மேல்தாளை நகத்தால் கீறி, உள்ளே கதிர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று தடவிப் பார்ப்பார். கதிர் தாளுக்குள் இருக்கும்போது அறுத்தால் புல்லில் சத்து இருக்கும். வெளியே வந்து பூத்துவிட்டால் எடை கூடும், சத்து இறங்கும். ஊசி விட்டுவிட்டால் கூரை வேயத்தான் ஆகும். ஆனால் இந்த ஊரில் கதிர் தாளுக்குள் இருக்கும் காலமும் சாரல் முடியாத காலமும் ஒன்றாக வந்து விழுகின்றன. நல்ல புல் வேண்டுமென்றால் ஈரத்தில் அறுக்க வேண்டும். காய்ந்த புல் வேண்டுமென்றால் கிழட்டுப் புல்லை அறுக்க வேண்டும். எங்கள் வேலையின் சிக்கல் முழுவதும் அதுதான்.

அறுத்ததை மெல்லிசாகப் பரப்பி, உச்சிப்பொழுதில் ஒரு முறை புரட்டி, சாயந்திரம் பனி இறங்குமுன் சின்னச் சின்னக் குவியலாகக் கூட்டுவோம். மறுநாள் வெயில் ஏறியதும் மறுபடி பரப்புவோம். காய்ந்ததா என்று இலையைத் தொட்டுச் சொல்லக் கூடாது. தண்டின் கணுவைப் பார்க்க வேண்டும். கணுவை நகத்தால் சுரண்டினால் தோல் உரியக் கூடாது. சந்தேகம் வந்தால் உப்புப் போத்தல். புல்லைப் பொடியாக நறுக்கிக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, ஒரு பிடி தூளுப்பும் போட்டு மூடிக் குலுக்க வேண்டும். உப்பு உதிரியாக விழுந்தால் படப்புப் போடலாம். கண்ணாடியில் அப்பிக்கொண்டால் ஈரம். சாரல் காலத்தில் எங்கள் வீட்டு உப்பே சட்டிக்குள் தண்ணீர் விட்டு நிற்கும். அந்த உப்பைக் கொண்டுபோய்க் குலுக்கி, நன்றாகக் காய்ந்த புல்லையும் ஈரம் என்று சொல்லி நான் வேலையை நிறுத்தினேன். சுபேதார் ஐயா போத்தலை வாங்கவில்லை. மிச்ச உப்பை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துவிட்டு, "வறுத்துக் கொண்டாலே" என்றார்.

எனக்குப் பயம் கூடவே பிறந்தது. பால் கறக்கும் பேச்சியம்மாள் மற்றவர்களிடம் சொல்லுவாள்: "அண்ணாச்சி தொழுவத்துப் படலை அடைப்பாக. அடைச்சமான்னு பாக்க ஒருக்கா வருவாக. பாத்தமான்னு நெனச்சு இன்னொருக்கா வருவாக. மாடே சிரிக்குது." அவள் வீரகேரளம்புதூர்ப் பக்கத்துக்காரி. பண்ணையின் லைன் வீட்டில் தங்கி, முடிந்தபோது ஊருக்குப் போய் வருவாள். அவள் சொன்னது உண்மைதான் என்பதால் எனக்குக் கோபம் வந்ததில்லை.

நான் சொல்ல வந்த வருடத்தில் ஆவணி பாதி போயும் சாரல் விடவில்லை. பெரிய மழையும் இல்லை. வெயில் அரைகுறை. ஆனால் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வந்த காற்று ஆளைத் தள்ளியது. அறுத்துப் போட்ட புல் மறுநாளே சலசலக்க ஆரம்பித்துவிட்டது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தக் காற்றின்மேல் பெரிய நம்பிக்கை. நெல் தூற்றுவதும் வேட்டி காய்வதும் இதில்தான். சாரலை நாங்கள் மழைக் கணக்கில் சேர்ப்பதே கிடையாது. சாரலுக்குக் குடை பிடித்தால் வெளியூர் ஆள் என்று தெரிந்துவிடும்.

நான் கணுவைச் சுரண்டினேன். தோல் உரிந்தது. போய்ச் சொன்னேன்.

"இந்தக் காத்துல கருவாடே காஞ்சுரும், புல்லு காயாதா?" என்றாள் பேச்சி.

சுபேதார் ஐயா ஒரு பிடி எடுத்து முறுக்கினார். மொறுமொறுத்தது. போத்தலில் போட்டுக் குலுக்கினோம். நறுக்கிப் போட்டதில் பெரும்பாலும் இலை. உப்பு உதிர்ந்து விழுந்தது. மேற்கே மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. "வடக்க இதுல பாதிக் காத்துல காஞ்சிருக்குலே. இன்னிக்கு விட்டா மொத்தமும் நனையும். படப்பப் போடுங்க" என்றார்.

வடக்கே அவர் பார்த்தது உலர்ந்த காற்று. நம்முடையது மலையின் ஈரத்தைச் சுமந்துகொண்டு வருவது. இலையை மொறுமொறுப்பாக்கிவிட்டுத் தண்டைத் தொடாமல் போய்விடும். அது அன்றைக்கு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் ஈரம் என்று சொன்னது தெரிந்து சொன்னதல்ல. எல்லாப் புல்லையும் நான் ஈரம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் என் சொல்லுக்கு எடை இல்லை, இருக்கவும் நியாயமில்லை.

படப்பு போட்டபின் நீளமான இரும்புக் கம்பியை அதன் நடுவுக்குச் சொருகிவைத்து, கொஞ்சம் பொறுத்து உருவி, நுனியைக் கையால் பிடித்துப் பார்ப்பது வழக்கம். புதுப் படப்பு சற்றுச் சூடுபிடிக்கும், அது தவறில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டே பேச முடிந்தால் சரி. நான் காலையும் சாயந்திரமும் சொருகிப் பார்த்தேன். முதலில் இளஞ்சூடு. பிறகு கை மாற்றிப் பிடிக்க வேண்டியிருந்தது. புரட்டாசி பிறந்திருந்த ஒரு காலையில் கம்பியைக் கீழே போட்டுவிட்டேன்.

பால் வாளியோடு போன பேச்சி நின்று மோப்பம் பிடித்தாள். "இங்கன யாரு கருப்பட்டி காச்சுதா?"

நான் ஆபீசுக்கு ஓடினேன்.

"பாத்தியா?" என்றார் சுபேதார் ஐயா.

"மேல ஆவி நிக்கி ஐயா."

"தொட்டியா?"

உள்ளங்கையைக் காட்டினேன். சிவந்திருந்தது. மூன்றாவது கேள்வியை அவர் கேட்கவில்லை. வாசம் ஆபீஸ் வரைக்கும் வந்துவிட்டது.

படப்பு தொழுவத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. அப்படியே விட்டால் ஈரம் உள்ளே புழுங்கிச் சூடேறி ஒருநாள் தானாகப் பற்றும். பிரித்தால் காற்றுப் புகுந்து உடனே பற்றலாம். இரண்டில் பிரிப்பதுதான் நம் கையில் இருக்கும் ஆபத்து என்றார் அவர். மாடுகளை அவிழ்த்து ஓடைப் பக்கம் கொண்டுபோய்க் கட்டினோம். பீப்பாய்களில் தண்ணீர் நிரப்பினோம். சாக்குகளை நனைத்து அடுக்கினோம். சூடேறிய படப்புக்குள் புல் கருகி உள்ளே பொந்து விழுந்திருக்கும்; மேலே ஏறுகிறவன் கால் பொந்துக்குள் இறங்கினால் தூக்க முடியாது. அதனால் பலகை போட்டு அதன்மேல்தான் நிற்க வேண்டும், இடுப்பில் கயிறு கட்டியிருக்க வேண்டும்.

"நீ ஏறு. ஒனக்குத்தான் எட கம்மி" என்றார் என்னிடம். நான் படப்பின் உச்சியை அண்ணாந்ததைப் பார்த்து, "பயந்தவன் காலப் பாத்து வைப்பான்லே, அதுக்குத்தான்" என்றார். கயிற்றின் மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார்.

காற்று வராத பக்கத்திலிருந்து அடுக்கடுக்காக எடுத்துக் கீழே தள்ளினேன். மேல் அடுக்கு பச்சை மாறாமல் இருந்தது. அதற்குக் கீழே ஆவி. அதற்கும் கீழே புல் புகையிலை நிறத்தில் இருந்தது, நடுவில் கறுத்துப் போயிருந்தது. பலகை ஒரு பக்கம் லேசாக அமிழ்ந்தது. "அண்ணாச்சி, வீட்டுக்குச் சொல்லி அனுப்பட்டா?" என்றாள் பேச்சி கீழேயிருந்து. யாரும் சிரிக்கவில்லை, நான் மட்டும் சிரித்தேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. ஓரிடத்தில் புகை கிளம்பியது. நனைந்த சாக்கை எறிந்தார்கள், அடங்கியது. மதியத்துக்குள் படப்பு தரைமட்டமாகிவிட்டது.

அவர் முதலாளிக்குப் போன் போட்டார். "தீப் பிடிக்கல. பாதிக்கு மேல புல்லு போச்சு. படப்புப் போடச் சொன்னது நான்தான்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

பிரித்ததை மூன்றாகக் கூறுபோட்டார். உதறினால் வெள்ளைத் தூசி பறந்த பூஞ்சைப் புல் எருக்குழிக்குப் போயிற்று. சினைமாடு அதைத் தின்றால் கன்று தங்காது. பச்சை மாறாதது ஒரு சின்னப் போர். மிச்சம் எல்லாம் பழுப்புப் புல். அதில் பூஞ்சை இல்லை, வாசம் மட்டும் கருப்பட்டி மாதிரி. அதைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்குள் போனால் மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு வந்தன.

"அல்வா திங்க மாதிரில்லா திங்குது. இதுக்குப் போயி இந்தப் பாடு படுத்துனியள" என்றாள் பேச்சி.

எல்லாருக்கும் நிம்மதி. சுபேதார் ஐயா மட்டும் மாட்டின் முன்பக்கம் நிற்காமல் பின்பக்கம் போய் நின்றார். புல் எப்படி என்பதற்குத் தின்கிற வாய் சாட்சியல்ல, போடுகிற சாணி சாட்சி என்பது அவர் கட்சி. சாணி இறுகி, அடுக்கடுக்காக, நார் தெரிய விழுந்தது. கொஞ்ச நாளில் பாலும் இறங்கியது. கால்நடை டாக்டரம்மா வந்து ஒரு பை நிறையப் பழுப்புப் புல்லை ஆய்வுக்கு அனுப்பினார். முடிவு வருமுன்பே சொல்லிவிட்டார்: "சூட்டுல சத்து வெந்து இறுகியிருக்கும். வயிறு நிறையும், உடம்புக்குச் சேராது. சினைமாட்டுக்கு இதை நம்பிப் போடாதீங்க." ஆய்விலும் அப்படித்தான் வந்தது.

ஐப்பசி, கார்த்திகையிலும் மழை ஏமாற்றியது. சரிவில் இரண்டாம் அறுப்பு இல்லை. தை பிறந்தபோது இருந்த நல்ல புல் கறவை மாடுகளுக்கு மட்டும்தான் சாரல் வரை தாங்கும். கறவையில் இல்லாத சினைமாடுகளுக்கு இல்லை. முதலாளி தென்காசியிலிருந்து வந்தார். எல்லை தாண்டி அடிமாடு ஏற்றும் வியாபாரிகளிடம் அவற்றைத் தள்ளிவிடலாம் என்றார்.

"புல்லக் கெடுத்தது நான். வண்டி ஏறுறது அது ஏன் மொதலாளி?" என்றார் சுபேதார் ஐயா.

"அப்ப தீவனத்துக்கு என்ன செய்யப் போறீரு?"

"வாரத்துக்கு விடுவோம்."

மாட்டை இன்னொருவர் வீட்டில் வளர்க்கக் கொடுத்து, கன்றில் பங்கு வைத்துக்கொள்வது வாரம். எங்கள் பக்கத்தில் வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் செய்வதுதான், பண்ணை செய்ததில்லை. முதலாளி யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. இந்த ஈற்றுக் கன்று பண்ணைக்கு. மறு ஈற்றுவரை மாடு அங்கேயே நின்றால் அந்தக் கன்று வளர்க்கிறவர்களுக்கு. எந்த மாடாவது மெலிந்தால் உடனே திரும்பி வரும். வந்தால் வியாபாரி வண்டிதான்.

கறவை குறைந்ததால் பேச்சிக்கும் வேலை நின்றுபோயிருந்தது. அவள் செவலையைக் கேட்டாள். தலைச்சினைக் கிடாரி, கன்றிலிருந்து அவள் கைபட்டு வளர்ந்தது. வாரத்துக்குப் போன மாடுகளை வீடுவீடாகப் போய்ப் பார்த்து வருகிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். கவலைப்படுவதற்குச் சம்பளம் கிடைத்தது அப்போதுதான்.

பேச்சி வீட்டில் வைக்கோல் இருந்தது. அவள் வீட்டுக்காரர் வேலை பார்த்த வயலிலிருந்து கடலைக்கொடி வந்தது. கடலைக்கொடி நல்ல சத்து. எனக்கு அந்த வீட்டைப் பற்றித்தான் கவலை குறைவாக இருந்தது. மற்ற மாடுகள் பரவாயில்லாமல் இருந்தன. மாசி நடுவில் நான் போனபோது செவலையின் விலாவில் கையை வைத்தால் எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. வாலடியில் இரண்டு பக்கமும் குழி விழுந்திருந்தது. சாணியைக் காலால் புரட்டினேன். அதே இறுகல், அதே நார். கொட்டிலின் மூலையில் பழுப்புப் புல் கட்டுகள் அடுக்கியிருந்தன. டாக்டரம்மா சொன்னபின் பண்ணையில் ஒதுக்கிவைத்ததை அவள் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள்.

"வைக்கலத் தொட மாட்டேங்கு அண்ணாச்சி. கொடியயும் மோந்துட்டு விட்டுருது. இதுன்னா வாசத்துக்கே வாயத் தொறக்கு."

"நிப்பாட்டணும் பேச்சி. இது வயித்தத்தான் நெரப்பும்."

"ஆசயாத் திங்கிறதப் புடுங்கச் சொல்லுதிய. ஒங்களுக்குப் படலயும் நம்ப முடியாது, மாட்டயும் நம்ப முடியாது."

"மெலிஞ்சிருக்கு. நான் போய்ச் சொன்னா வண்டி வந்துரும்."

கட்டுகளை அவளே தூக்கி வெளியே போட்டாள். தூக்கிப் போட்ட விதத்தில் இனி என்னோடு பேச மாட்டாள் என்று தெரிந்தது.

மறுநாள் அவள் வீட்டுக்காரர் போனில் செவலை எதையும் தொடவில்லை என்றார். அதற்கு மறுநாளும் இல்லை. தலைச்சினை மாடு பட்டினி கிடந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரியாததையும் சேர்த்து நினைத்துக்கொண்டேன். சுபேதார் ஐயாவிடம் போய், பார்த்ததையும் தொட்டதையும் மோந்ததையும் அவர் கேட்குமுன் சொன்னேன். "முதலாளிட்டச் சொல்லணுமா ஐயா?" என்றேன்.

"மொதல்ல மாட்டப் பாப்போம்" என்று பஸ் ஏறிவிட்டார்.

பேச்சி அவருக்கு மட்டும் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுச் செம்பை என்னிடம் நீட்டினார். பிறகு அரிவாள்மணை கேட்டார். கடலைக்கொடியையும் வைக்கோலையும் விரல்கணு அளவுக்கு நறுக்கச் சொல்லி, கழுநீர் தெளித்துப் பிசறினார். வெளியே கிடந்த பழுப்புப் புல்லில் ஒரு பிடியைக் கசக்கி மேலே தூவினார்.

"மொளவுப்பொடி தூவுத மாதிரி தூவுதியளே ஐயா" என்றாள் பேச்சி.

"வாசத்துக்கு மட்டும்தாம்மா. நாளைக்கி இதுல கொஞ்சம் கொற. அடுத்த நாள் இன்னுங் கொஞ்சம். அது கண்டுபிடிக்காம நீ கொறச்சுட்டே வரணும்."

செவலை மூக்கை விட்டு அளைந்தது. மேலே இருந்ததை மட்டும் நக்கி எடுக்கப் பார்த்தது. கழுநீரில் எல்லாம் ஒட்டிக்கொண்டதால் பிரிக்க முடியவில்லை. நாங்கள் மூன்று பேரும் அது மெல்லுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அரைத் தொட்டி காலியானபோது பேச்சி எனக்கும் தண்ணீர் கொண்டுவந்தாள்.

பங்குனி முடிவதற்குள் பழுப்புப் புல் இல்லாமலே தின்ன ஆரம்பித்தது. சாணி இளகியது. வாலடிக் குழி முழுதும் மூடவில்லை; ஆனால் மேலும் விழவில்லை. போகும்போதெல்லாம் நான் விலாவில் கையை வைத்து நின்றுகொண்டிருப்பேன். "எண்ணி முடிச்சாச்சா? நேத்து ராத்திரி ஒண்ணு கூடிருச்சு" என்பாள் பேச்சி.

வைகாசிக் கடைசியில் கன்று போட்டது. போன் வந்து நான் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்திருந்தது. கிடாரிக் கன்று, அளவில் சின்னது. நாலு காலையும் நாலு திசையில் வைத்துக்கொண்டு நின்றது. தாயின் மடியைத் தேடி முதலில் பேச்சியின் சேலையை முட்டியது. செவலை நஞ்சுக்கொடி போட்டுவிட்டதா என்று கேட்டேன். போட்டாச்சு என்றாள். சீம்பால் குடித்ததா என்று கேட்டேன். "குடிச்சாச்சு. இன்னும் என்ன பாக்கி இருக்கு பயப்பட?" என்றாள்.

முதல் சாரல் விழுந்த வாரத்தில் சுபேதார் ஐயாவும் நானும் போனோம். அவர் செவலையின் விலாவில் கையைப் பரத்தி வைத்தார், வாலடியைப் பார்த்தார், கன்றைத் தூக்கி எடை பார்த்து இறக்கினார். பேச்சி கொட்டில் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலாளி என்ன சொல்லி அனுப்பியிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் வழியில் அவர் சொல்லவில்லை.

"கன்னு பால்குடி மறந்ததும் பண்ணைக்கு வரட்டும். மாடு இங்கனயே நிக்கலாம், மறு ஈத்துக்கு. மொதலாளிட்டப் பேசிட்டேன். ஒனக்குச் சம்மதமா?"

"சம்மதமான்னா? மேல பாருங்க ஐயா."

கொட்டில் கூரையில் பாதிக்கு மேல் புது ஓடு.

"நான் சொல்லுமுன்ன யாரக் கேட்டு மாத்துன?" என்றார் அவர்.

"செவலயக் கேட்டுத்தான்."

அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன் என்று சொல்லியிருப்பேன். ஆனால் நான் அவரைப் பார்க்கவில்லை. பழைய ஓடும் புது ஓடும் சேரும் இடத்தில் ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒழுகவில்லை.